ஸ்கேன் திரையில் மரபணு தெரியுமா?

கருவுற்ற மூன்றாம் மாதத்தில், கருவின் பிடரியில் தேங்கும் நீரை அளக்கும் என்.டி. ஸ்கேனும் ‘டபுள் மார்க்கர்’ இரத்தப் பரிசோதனையும் செய்துகொண்ட ஒரு பெண்ணின் கைக்குச் சில நாள்களில் ஓர் அறிக்கை வந்து சேர்கிறது. அதில் ‘டிரைசோமி 21’ என்பதற்கு எதிரே ‘1:150’ என்றும், அதன் பக்கத்தில் ‘ஹை ரிஸ்க்’ என்றும் அச்சாகியிருக்கிறது. அன்று இரவு அந்த வீட்டில் யாருக்கும் சோறு இறங்குவதில்லை. குழந்தைக்குக் குறை இருக்கிறதாம் என்ற செய்தி இரு வீட்டாருக்கும் தொலைபேசியில் போய்விடுகிறது. ஆனால் அந்த அறிக்கை அப்படிச் சொல்லவே இல்லை. இதே எண்ணைப் பெற்ற 150 கர்ப்பிணிகளை ஒரு மண்டபத்தில் உட்காரவைத்தால், அவர்களில் 149 பேர் வயிற்றில் வளரும் கருவுக்கு, டிரைசோமி 21 எனப்படும், மனவளர்ச்சியைப் பாதிக்கும் டவுன் சிண்ட்ரோம் இருக்காது, ஒருவருடைய கருவுக்கு இருக்கும் என்பதே அந்த எண்ணின் பொருள். அந்த ஒருவர் யார் என்பதைக் கண்டறிய வேறொரு பரிசோதனை தேவை.

பிறப்பதற்கு முன்பே மரபணுக் கோளாறுகளைப் படக்கருவிகளால் கண்டறிவது பற்றிப் பேசும்போது முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது இதுதான். ஸ்கேன் கருவி காட்டுவது உருவத்தை மட்டுமே. மரபணுக்களைத் தாங்கியிருக்கும் குரோமோசோமோ மரபணுவோ எந்தத் திரையிலும் தெரிவதில்லை. அவற்றில் நேர்ந்த பிழை உடலின் அமைப்பை மாற்றியிருந்தால் அந்த மாற்றம் தெரியும், மாற்றவில்லை என்றால் தெரியாது. ‘ஸ்கேன் நார்மல்’ என்ற சொல்லுக்கும், ‘ஸ்கேனில் ஏதோ இருக்கிறது’ என்ற சொல்லுக்கும் எவ்வளவு எடை கொடுக்கலாம் என்பதை இந்த ஒரு வேறுபாடுதான் தீர்மானிக்கிறது.

கருவி வேலை செய்யும் விதத்தைச் சுருக்கமாகப் பார்ப்போம். மனிதக் காதுக்கு நொடிக்கு 20,000 அதிர்வுகள் வரைதான் கேட்கும். வயிற்றின் மேல் ஜெல் தடவி வைக்கப்படும் ப்ரோப், நொடிக்கு ஏறத்தாழ 30 இலட்சம் முதல் 70 இலட்சம் அதிர்வுகள் கொண்ட ஒலியைச் சிறு சிறு துடிப்புகளாக உள்ளே அனுப்புகிறது. உடலின் மென்திசுக்களில் ஒலி நொடிக்குச் சுமார் 1,540 மீட்டர் வேகத்தில் செல்லும். பத்து சென்டிமீட்டர் ஆழத்தில் உள்ள ஓர் எலும்பில் பட்டுத் திரும்பி வர, ஒரு நொடியைப் பத்து இலட்சம் பங்காக்கினால் அதில் 130 பங்கு நேரம்தான் ஆகும். திரும்பிய நேரத்தை வைத்து ஆழத்தையும், திரும்பிய வலிமையை வைத்து வெளிச்சத்தையும் கணித்துக் கருவி படத்தை வரைகிறது. எலும்பு வெள்ளையாகவும், திசு சாம்பல் நிறத்திலும், எதிரொலி தராத நீர் கறுப்பாகவும் தெரிவது இதனால்தான். கரு பனிக்குட நீரில் மிதப்பது இந்த முறைக்குக் கிடைத்த பெரிய வசதி. கறுப்புப் பின்னணியில் கை, கால், முகம் எல்லாம் தெளிவாக எடுப்பாகத் தெரியும்.

உலோகத்தில் விரிசல் தேடப் பயன்பட்ட தொழிற்சாலைக் கருவியிலிருந்துதான் இது பிறந்தது. கிளாஸ்கோவில் மகப்பேறு மருத்துவப் பேராசிரியராக இருந்த இயன் டொனால்டு, பொறியாளர் டாம் பிரவுன், மருத்துவர் ஜான் மெக்விகர் ஆகியோருடன் சேர்ந்து வயிற்றுக் கட்டிகளையும் கருவையும் காட்டும் ஒலிப்படங்களை 1958-இல் ‘லான்செட்’ இதழில் வெளியிட்டார். 1972-இல் ஸ்டூவர்ட் கேம்பெலும் அவருடைய குழுவினரும், மண்டையோடு உருவாகாத ஒரு கருவை 17-ஆவது வாரத்திலேயே கண்டறிந்தார்கள். கரு வளர்கிறதா, எத்தனை வாரம் என்று பார்த்துக்கொண்டிருந்த கருவி, கருவின் குறையைக் கண்டறியும் கருவியாகவும் ஆனது அந்தக் காலத்தில்தான்.

இனி, பலரும் பெயரளவில் அறிந்த என்.டி. ஸ்கேனை நெருங்கிப் பார்க்கலாம். இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் மனவளர்ச்சி குன்றியோருக்கான ஒரு காப்பகத்தில் பணியாற்றிய ஜான் லாங்டன் டவுன் என்ற மருத்துவர், பிற்காலத்தில் அவர் பெயராலேயே அழைக்கப்பட்ட நிலையை 1866-இல் விவரித்தபோது, இவர்களுடைய தோல் உடலின் அளவுக்குப் பெரிதாக இருப்பதுபோல் தோன்றுகிறது என்றும் குறித்திருந்தார். அதற்கான காரணம் 21-ஆவது குரோமோசோம் இரண்டுக்குப் பதிலாக மூன்று இருப்பதே என்பது 1959-இல் பாரிஸில் வெளிப்பட்டது. தோல் பற்றிய அந்தப் பழைய குறிப்புக்கு ஒரு புதுப் பயன் கிடைத்ததோ 1992-இல்தான். லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையின் கிப்ரோஸ் நிக்கொலைடிஸ், மூன்றாம் மாதக் கருவின் பிடரியில் தோலுக்கு அடியில் தேங்கும் நீரின் தடிமனை அளந்தால், குரோமோசோம் கோளாறு உள்ள கருக்களைப் பெருமளவு பிரித்தறியலாம் என்று காட்டினார்.

எல்லாக் கருக்களுக்கும் அந்தப் பருவத்தில் பிடரியில் சிறிது நீர் இருக்கும். குரோமோசோம் கூடுதலாக உள்ள கருவில் அது அதிகமாகத் தேங்குவதற்குக் காரணங்கள் பல: நிணநீர்க் குழாய்கள் தாமதமாக உருவாவது, இதயத்தின் கோளாறு, தோலின் அடியிலுள்ள இணைப்புத் திசுவின் தன்மை மாறுவது. கொலாஜன் என்னும் புரதத்தின் ஒரு வகையை உருவாக்கும் மரபணுக்கள் 21-ஆவது குரோமோசோமில்தான் இருக்கின்றன என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொண்டால், குரோமோசோமுக்கும் திரையில் தெரியும் கறுப்புக் கோட்டுக்கும் இடையிலுள்ள தொடர்பு ஓரளவு பிடிபடும். பதினான்காம் வாரத்துக்குப் பிறகு நிணநீர்க் குழாய்கள் முதிர்ந்து அந்த நீர் பெரும்பாலும் வடிந்துவிடும் என்பதால், இந்த அளவீட்டுக்கென்று ஒரு காலம் உண்டு. உச்சந்தலையிலிருந்து பிட்டம் வரை கருவின் நீளம் 45 மில்லிமீட்டருக்கும் 84 மில்லிமீட்டருக்கும் இடையில் இருக்க வேண்டும். அதாவது 11 வாரம் முடிந்ததிலிருந்து 13 வாரம் 6 நாள் வரை. ‘ஊருக்குப் போய்விட்டு அடுத்த மாதம் எடுத்துக்கொள்கிறேன்’ என்று தள்ளிப்போட முடியாத ஸ்கேன் இது.

அளக்கும்போது மருத்துவர் ஏன் இவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறார் என்று பலர் கேட்கிறார்கள். கரு சரியாகப் பக்கவாட்டில், நட்டநடுவே வெட்டிய தோற்றத்தில் தெரிய வேண்டும். மூக்கு நுனியும் மூளையின் நடுப்பகுதியும் ஒரே படத்தில் விழ வேண்டும். தலையும் மார்பின் மேற்பகுதியும் மட்டும் திரையை நிறைக்கும் அளவுக்குப் பெரிதாக்க வேண்டும். கழுத்து இயல்பான நிலையில் இருக்க வேண்டும். கரு தலையை அண்ணாந்து வைத்திருந்தால் அளவு 0.6 மில்லிமீட்டர் வரை கூடிவிடும், மோவாய் மார்பில் படும்படி குனிந்திருந்தால் 0.4 மில்லிமீட்டர் வரை குறைந்துவிடும். மொத்தமே இரண்டு மில்லிமீட்டர் அளவுள்ள ஒன்றில் இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்று எண்ணிப் பாருங்கள். பனிக்குடத்தின் சவ்வு கருவின் முதுகுக்கு இணையாக ஒரு மெல்லிய கோடாக ஓடும். அதைத் தோல் என்று எண்ணி அளந்துவிடாமல் இருக்க, கரு ஒரு முறை துள்ளி அந்தச் சவ்விலிருந்து விலகும் வரை காத்திருக்க வேண்டும். சில வேளைகளில் தாயை இருமச் சொல்வார்கள், எழுந்து சற்று நடந்துவிட்டு வரச் சொல்வார்கள். கரு புரண்டு படுப்பதற்காகத்தான். இந்தப் பொறுமையில்தான் பரிசோதனையின் தரமே அடங்கியிருக்கிறது. ஐந்தே நிமிடத்தில் எடுத்துத் தரப்படும் ஓர் எண்ணை நான் நம்பத் தயங்குவேன்.

அளந்து வந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்வதும் சரியாகாது. நீளம் 45 மில்லிமீட்டர் உள்ள கருவில் 2.1 மில்லிமீட்டரும், 84 மில்லிமீட்டர் உள்ள கருவில் 2.7 மில்லிமீட்டரும் நூற்றில் 95 கருக்கள் அடங்கிவிடும் மேல் எல்லைகள். நூற்றில் 99 கருக்கள் அடங்கும் எல்லை எல்லா நீளத்துக்கும் ஏறத்தாழ 3.5 மில்லிமீட்டர். கணக்கின் தொடக்கப்புள்ளி தாயின் வயது. முப்பது வயதில் டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தை பிறக்கும் வாய்ப்பு ஏறக்குறைய ஆயிரத்தில் ஒன்று, முப்பத்தைந்தில் 350-இல் ஒன்று, நாற்பதில் நூற்றில் ஒன்று. இந்த வாய்ப்பைப் பிடரி நீரின் அளவு கூட்டும் அல்லது குறைக்கும். பின்னர் இரத்தத்தில் உள்ள பாப்-ஏ, பீட்டா எச்.சி.ஜி. என்ற இரு பொருள்களின் அளவு மீண்டும் கூட்டும் அல்லது குறைக்கும். அப்படிக் கணினி கணித்துத் தரும் இறுதி எண்தான் ‘1:150’. இந்தக் கூட்டுப் பரிசோதனை, டவுன் சிண்ட்ரோம் உள்ள பத்துக் கருக்களில் ஏறத்தாழ ஒன்பதைப் பிடித்துவிடுகிறது. அதற்கு ஈடாக, எந்தக் குறையும் இல்லாத கருவைச் சுமக்கும் நூறு பெண்களில் ஐந்து பேரையாவது அச்சத்தில் ஆழ்த்துகிறது. மருத்துவத்தில் இத்தகைய பரிசோதனைக்கு ‘ஸ்கிரீனிங்’ என்று பெயர். தமிழில் சல்லடை என்று சொன்னால் பொருந்தும். சல்லடையில் நின்றதெல்லாம் கல் ஆகிவிடாது.

மூக்கெலும்பையும் இதே ஸ்கேனில் பார்ப்பார்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ள கருக்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் இந்தப் பருவத்தில் மூக்கெலும்பு வெள்ளைக் கோடாகத் தெரிவதில்லை.

குரோமோசோம்கள் சரியாக இருந்தும் பிடரி நீர் மிகுந்திருந்தால் என்ன பொருள் என்ற கேள்வி இங்கே வரும். அளவு இயல்பின் எல்லையைச் சற்றே தாண்டியிருக்கிறது, குரோமோசோம்களும் சரி, பிற்கால ஸ்கேனும் சரி என்றால், பெரும்பாலான குழந்தைகள் நலமாகவே பிறக்கின்றன. அளவு கூடக் கூட நிலைமை மாறும், 6.5 மில்லிமீட்டரைத் தாண்டிய கருக்களில் சிறு பங்கினவே குறையின்றிப் பிறக்கின்றன. இதயக் குறைபாடு, நூனன் சிண்ட்ரோம் போன்ற ஒற்றை மரபணுக் கோளாறு ஆகியவை இப்படி வெளிப்படலாம். ஆகவே 3.5 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் ஐந்தாம் மாதத்தில் கருவின் இதயத்தைத் தனியாக ஆராயும் ஃபீட்டல் எக்கோ பரிசோதனை அவசியமாகிறது.

ஐந்தாம் மாதத்தில், 18 முதல் 22 வாரத்துக்குள் எடுக்கப்படும் அனாமலி ஸ்கேன் இன்னொரு வகைப் பார்வை. இங்கே ஓர் அளவைத் தேடுவதில்லை. உச்சி முதல் உள்ளங்கால் வரை ஒவ்வோர் உறுப்பாகப் பார்த்து, குறைகள் ஒன்றோடொன்று எப்படிச் சேர்ந்து வருகின்றன என்று கவனிக்கிறார்கள். தனித்து வரும் ஒரு குறைக்கு மரபணுக் காரணம் இல்லாமல் இருக்கலாம். இரண்டு மூன்று உறுப்புகளில் குறை சேர்ந்து வந்தால் அவற்றின் பின்னால் ஒரே காரணம் இருக்க வாய்ப்பு அதிகம், அது பெரும்பாலும் மரபணு சார்ந்ததாகவே இருக்கும். 18-ஆவது குரோமோசோம் மூன்றாக உள்ள கருவின் கையைப் பாருங்கள்: விரல்கள் மூடியே இருக்கும், ஆள்காட்டி விரல் நடுவிரலின் மேலும், சுண்டு விரல் மோதிர விரலின் மேலும் ஏறிக் கிடக்கும், எவ்வளவு நேரம் பார்த்தாலும் கை விரியாது. நலமான கருவும் கையை மூடும். ஆனால் சற்று நேரத்தில் விரித்துவிடும். ஆகவே கை விரிகிறதா என்று காத்திருந்து பார்ப்பதும் பரிசோதனையின் பகுதியே. அந்தக் கையோடு இதயத்தில் ஓட்டையும், வளர்ச்சிக் குறைவும் சேர்ந்திருந்தால், குரோமோசோமைப் பார்ப்பதற்கு முன்பே அனுபவமுள்ள மருத்துவருக்கு ஊகம் வந்துவிடும்.

இதயத்தின் நான்கு அறைகளும் சந்திக்கும் இடம் திரையில் ஒரு கூட்டல் குறிபோல் தெரியும். அந்தக் குறியின் நடுப்பகுதியே இல்லாமல், நான்கு அறைகளும் ஒரே வெற்றிடத்தில் திறந்திருந்தால், அத்தகைய கருக்களில் ஏறத்தாழ பாதிக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்கிறது. இதயத்திலிருந்து வெளியேறும் பெரிய இரத்தக் குழாய்களின் அமைப்பு மாறியிருந்தால், 22-ஆவது குரோமோசோமில் ஒரு சிறு துண்டு விடுபட்டிருக்கிறதா என்று தேடுவார்கள். இதயத் தசையில் உருண்டையான வெள்ளைக் கட்டிகள் பல இருந்தால், மூளையையும் தோலையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும் டியூபரஸ் ஸ்க்லரோசிஸ் என்ற நோய் நினைவுக்கு வரும். ஒவ்வோர் உருவ மாற்றமும் எந்த மரபணுவைத் தேடுவது என்று வழிகாட்டும் ஒரு துப்பு.

உருவத்துக்கும் மரபணுவுக்கும் உள்ள உறவை எலும்புகளைப்போல் எளிதாக விளக்கும் வேறொன்று இல்லை. எஃப்.ஜி.எஃப்.ஆர்.3 என்ற மரபணு, எலும்பின் நுனியிலுள்ள குருத்தெலும்பு அளவுக்கு மீறி வளராமல் தடுக்கும் பிரேக் போன்றது. அதில் ஒரு வகைப் பிழை நேர்ந்தால் பிரேக் முழுவதுமாக இறுகிவிடும். தொடையெலும்பு மிகக் குட்டையாகி, பழைய தொலைபேசியின் ரிசீவரைப்போல் வளைந்துபோகும், மார்புக்கூடு ஒடுங்கி நுரையீரல் வளர இடமின்றிப் போகும். தனட்டோஃபோரிக் டிஸ்பிளேசியா என்ற இந்த நிலையில் பிறக்கும் குழந்தைகள் பெரும்பாலும் பிழைப்பதில்லை. ஐந்தாம் மாதத்துக்குள்ளாகவே இது தெளிவாகத் தெரிந்துவிடும். அதே மரபணுவின் வேறோர் இடத்தில் பிழை நேர்ந்தால் பிரேக் ஓரளவே இறுகும். அதனால் வருவது அகோண்ட்ரோபிளேசியா என்ற குள்ள உருவம். அவர்கள் இயல்பான அறிவோடு படித்து, வேலை பார்த்து, குடும்பம் நடத்தி வாழ்கிறார்கள். இருபதாம் வாரத்தில் நலமான கருவின் தொடையெலும்பு ஏறத்தாழ 33 மில்லிமீட்டர் இருக்கும். அகோண்ட்ரோபிளேசியா உள்ள கருவிலும் அந்த வாரத்தில் அளவு பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். ஆறாம் மாதம் கடந்த பிறகுதான் எலும்பு பின்தங்கத் தொடங்கும். ஒரே மரபணுவில் இரண்டு பிழைகள் நேரலாம், ஒன்றை ஐந்தாம் மாதத்தில் பார்த்துவிடலாம், மற்றொன்றை அப்போது பார்க்கவே முடியாது என்பதைப் புரிந்துகொண்டவர்கள், ‘ஐந்தாம் மாத ஸ்கேனில் எல்லாம் சரி என்றார்களே, எப்படித் தவறவிட்டார்கள்’ என்று மருத்துவர்மேல் பாய மாட்டார்கள். அகோண்ட்ரோபிளேசியா உள்ள குழந்தைகளில் ஐந்தில் நால்வரின் பெற்றோர் இயல்பான உயரம் உடையவர்கள். பிழை அந்தக் கருவில் புதிதாக நேர்ந்தது, யாருடைய வம்சத்திலிருந்தும் வந்தது அன்று.

வம்சம் என்ற சொல் வந்துவிட்டதால் உறவுத் திருமணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தியாவில் அது அதிகமாக வழக்கிலுள்ள மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. டவுன் சிண்ட்ரோமின் பெரும்பகுதி கருமுட்டை உருவாகும்போது குரோமோசோம்கள் பிரிவதில் நேரும் பிழையால் வருவது; அதற்கு உறவுத் திருமணம் காரணமாகாது. உறவுத் திருமணத்தால் கூடுவது வேறொரு வகை: தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான ஒரே மரபணு வந்து சேர்ந்தால் மட்டும் வெளிப்படும் நோய்கள். மாமன்–அக்கா மகள் மணத்தில் பிறக்கும் குழந்தைக்கு ஏதேனும் ஒரு மரபணுவின் இரு பிரதிகளும் ஒரே மூதாதையிடமிருந்து வந்து சேரும் வாய்ப்பு எட்டில் ஒன்று. அத்தை மகள், மாமன் மகள் மணத்தில் பதினாறில் ஒன்று. மெக்கல்–குரூபர் சிண்ட்ரோம் இப்படி வருவது. பின்மண்டை எலும்பில் ஓர் ஓட்டை, அதன் வழியாகப் பிதுங்கிய மூளைத் திசு, நீர்க்கட்டிகள் நிறைந்து பெருத்த இரு சிறுநீரகங்கள், கைகால்களில் ஆறாவது விரல் ஆகியவை சேர்ந்து தெரியும். சிறுநீரகம் வேலை செய்யாததால் பனிக்குட நீர் வற்றிவிடும், நீர் வற்றியதால் நுரையீரல் வளராது, குழந்தை பிழைக்காது. நீர் வற்றும்போது படமும் மங்கிவிடும் என்பதால், மூன்றாம் மாத ஸ்கேனிலேயே விரல்களை எண்ணிப் பார்ப்பது இத்தகைய குடும்பங்களில் மிகவும் முக்கியம். ஒரு கருவுக்கு வந்தால் அடுத்த ஒவ்வொரு கருவுக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. ஆகவே ஸ்கேன் எடுக்கும் அறையில், உறவுத் திருமணமா, முன்பு குழந்தை தவறியிருக்கிறதா என்று கேட்டால் கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள். அந்தப் பதில் எதைத் தேட வேண்டும் என்பதையே மாற்றக்கூடியது.

குடும்பங்களைத் தேவையில்லாமல் கலங்கவைக்கும் ஒன்றும் இருக்கிறது. இதயத்தில் ஒரு சிறு வெள்ளைப் புள்ளி, மூளையின் நீர் சுரக்கும் பகுதியில் ஒரு நீர்க்கட்டி, சிறுநீரகத்தின் வாயில் சற்று விரிந்திருப்பது. இவற்றை ‘சாஃப்ட் மார்க்கர்’ என்பார்கள். இவை குறைகள் அல்ல. குரோமோசோம் கோளாறு உள்ள கருக்களில் சற்று அதிகமாகக் காணப்படும் அடையாளங்கள், அவ்வளவுதான். இதயத்தில் தெரியும் அந்தப் புள்ளி, வால்வை இழுத்துப் பிடிக்கும் தசையில் படிந்த சுண்ணாம்புத் துணுக்கு; இதயத்தின் வேலைக்கு அதனால் எந்த இடையூறும் இல்லை; நலமான கருக்களிலும் நூற்றில் மூன்று முதல் ஐந்தில் தெரியும், ஆசிய இனத்தவரிடம் இன்னும் கூடுதலாகவே தெரியும். மூளையின் அந்த நீர்க்கட்டியும் ஏழாம் மாதத்துக்குள் பெரும்பாலும் மறைந்துவிடும். மூன்றாம் மாதப் பரிசோதனை ‘லோ ரிஸ்க்’ என்று வந்து, மற்ற உறுப்புகள் அனைத்தும் சரியாக இருக்கும்போது, தனித்துத் தெரியும் ஒரு வெள்ளைப் புள்ளிக்காக யாரும் தூக்கத்தைத் தொலைக்க வேண்டியதில்லை. ‘ஹார்ட்டில் புள்ளி’ என்ற ஒற்றை வரியை விளக்கமின்றி எழுதி அனுப்புவது பெரிய கொடுமை என்றே நான் கருதுகிறேன். எழுதினால் அதன் பொருளையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மூளையில் ஏதேனும் சந்தேகம் எழுந்தால் கருவுக்கே எம்.ஆர்.ஐ. எடுக்கலாம். எக்ஸ்ரே கதிர்கள் இதில் இல்லை, கருவுக்காக எடுக்கும்போது படத்தைத் தெளிவாக்கும் காடோலினியம் மருந்தும் செலுத்துவதில்லை. மூளையின் இரு பாதிகளை இணைக்கும் பாலம் உருவாகியிருக்கிறதா, மடிப்புகள் சரியாக விழுகின்றனவா என்பது இதில் துல்லியமாகத் தெரியும். ஜூபர்ட் சிண்ட்ரோம் என்ற மரபணு நோயில், மூளைத்தண்டின் குறுக்குவெட்டு நம் கடைவாய்ப் பல்லைப்போலவே தோன்றும். ஒரு முறை பார்த்தவர்களுக்கு மறக்காது.

இனி, ஊகத்திலிருந்து உறுதிக்குப் போகும் வழி. தாயின் இரத்தத்தில் கருவைச் சார்ந்த டி.என்.ஏ. கலந்திருப்பதை டென்னிஸ் லோவும் அவருடைய குழுவினரும் 1997-இல் கண்டறிந்தார்கள். அதிலிருந்து வளர்ந்த என்.ஐ.பி.டி. என்ற இரத்தப் பரிசோதனை, டவுன் சிண்ட்ரோம் உள்ள நூறு கருக்களில் 99-ஐப் பிடித்துவிடும். என்றாலும் அதுவும் சல்லடையே. இரத்தத்தில் கலப்பது நஞ்சுக்கொடியின் டி.என்.ஏ., கருவுடையது அன்று. ஸ்கேனில் உருவக் குறையே தெரிந்துவிட்ட பிறகு என்.ஐ.பி.டி.யில் நின்றுவிடுவது சரியன்று, ஏனெனில் அது பொதுவாகத் தேடுவது சில குரோமோசோம்களை மட்டுமே. உறுதிசெய்ய, 11 வாரம் முடிந்த பிறகு நஞ்சுக்கொடியில் துளித் திசுவையோ, 15 வாரம் முடிந்த பிறகு பனிக்குட நீரையோ ஊசிமூலம் எடுக்க வேண்டும். ஊசி எங்கே போகிறது என்பதை ஸ்கேன் திரையில் பார்த்துக்கொண்டேதான் எடுப்பார்கள். கைதேர்ந்தவர்கள் செய்யும்போது கரு கலையும் அபாயம் நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. முக்கியமான குரோமோசோம்களுக்கான விரைவு முடிவு இரண்டு மூன்று நாள்களிலும், செல்களை வளர்த்துப் பார்க்கும் முழு முடிவு இரண்டு மூன்று வாரங்களிலும் வரும்.

இங்கேயும் எல்லைகள் உண்டு. குரோமோசோம் எண்ணிக்கை சரியாக இருந்தாலும் நுண்ணிய துண்டுகள் விடுபட்டிருக்கலாம், அதைக் கண்டறிய மைக்ரோஅரே என்ற பரிசோதனை உண்டு. துண்டும் விடுபடாமல் மரபணுவில் ஓர் எழுத்து மட்டும் மாறியிருக்கலாம். அதற்கு, மரபணுக்களை எழுத்தெழுத்தாகப் படிக்கும் எக்ஸோம் வாசிப்பு. ஸ்கேனில் உருவக் குறை தெரிந்து, குரோமோசோம் பரிசோதனைகள் இயல்பாக வந்த கருக்களை எக்ஸோம் முறையில் ஆராய்ந்த பிரிட்டன் ஆய்வு ஒன்று 2019-இல் ‘லான்செட்’ இதழில் வெளியானது, அவற்றில் 8.5 விழுக்காட்டுக் கருக்களில் மரபணுக் காரணம் கிடைத்தது. மீதமுள்ள பெரும்பாலானோருக்கு, குறை கண்ணுக்குத் தெரிகிறது, காரணம் தெரியவில்லை என்ற பதில்தான்.

உருவத்தை மாற்றாத நோய்களைப் பற்றி ஸ்கேன் வாயே திறக்காது. கடும் இரத்தசோகை தரும் பீட்டா தலசீமியா, இரத்தம் எளிதில் உறையாத ஹீமோஃபிலியா, டுஷேன் தசைச்சிதைவு ஆகிய எவற்றுக்கும் கருவில் தெரியும் அடையாளம் இல்லை. தலசீமியாவைத் தடுக்க வேண்டுமானால் கணவன் மனைவி இருவரின் இரத்தத்தையும் கருவுறும் முன்போ, தொடக்க மாதத்திலோ பரிசோதிக்க வேண்டும். டவுன் சிண்ட்ரோம் உள்ள கருக்களிலேயே கணிசமானவை ஐந்தாம் மாத ஸ்கேனில் எந்த அடையாளமும் காட்டாமல் போய்விடுகின்றன.

ஸ்கேன் அறையின் வாசலில் ‘கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று இங்கே சொல்லப்படமாட்டாது’ என்ற பலகை இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மரபணுக் குறையைக் கண்டறிய வந்த இதே கருவி பெண் கருக்களை அழிக்கப் பயன்படுத்தப்பட்டதால், இந்தியாவில் 1994-இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டு, 2003-இல் மேலும் கடுமையாக்கப்பட்டது. ஸ்கேனுக்கு முன் நீங்கள் கையெழுத்திடும் ‘ஃபார்ம் எஃப்’ அந்தச் சட்டத்தின்படிதான். கருக்கலைப்புச் சட்டத்தில் 2021-இல் செய்யப்பட்ட திருத்தம், கருவுக்குக் கடுமையான குறை இருந்தால் இரு மருத்துவர்களின் கருத்தோடு 24 வாரம் வரையிலும், அதற்குப் பிறகு மருத்துவக் குழுவின் ஒப்புதலோடும் கர்ப்பத்தை நிறுத்த இடமளிக்கிறது. நிறுத்தத்தான் வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை, எந்த மருத்துவரும் சொல்லக்கூடாது. டவுன் சிண்ட்ரோம் என்று உறுதியான பிறகும் தொடர விரும்பும் பெற்றோர் இருக்கிறார்கள். இதயத்தில் குறை உண்டா, குடலில் அடைப்பு உண்டா என்று முன்கூட்டியே தெரிந்தால், குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சை செய்யும் வசதியுள்ள ஊரில் பிரசவத்தை வைத்துக்கொள்ள அவர்களுக்கு நேரம் கிடைக்கிறது.

குழந்தை தவறிப்போன குடும்பங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்த வேளையில் பிரேதப் பரிசோதனை பற்றியோ, தொப்புள்கொடியிலிருந்து சிறிது திசு எடுத்து டி.என்.ஏ.வைச் சேமித்து வைப்பது பற்றியோ யாராவது பேச்செடுத்தால் மனம் ஒப்பாது. வீட்டுப் பெரியவர்களும் வேண்டாம் என்றே சொல்வார்கள். ஆனால் சேமித்த அந்த டி.என்.ஏ.விலிருந்து பிழையான மரபணு இன்னதென்று தெரிந்துவிட்டால், அடுத்த முறை அதே பெண் கருவுறும்போது ஐந்தாம் மாதம் வரை திரையைப் பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை. பன்னிரண்டாம் வாரத்தில் நஞ்சுக்கொடியில் ஒரு துளித் திசு எடுத்து, அந்த ஒரு பிழை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்லிவிடலாம். பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்து சேர்ந்தால் வெளிப்படும் நோய் என்றால், நான்கில் மூன்று முறை, கருவுக்கு அந்த நோய் இல்லை என்ற பதிலே வரும்.